கல்யாண ஷூட்டில் எத்தனை படம் தேறும்? கம்மியாகத் தேறினால் எங்கே கோளாறு என்று பார்ப்பது எப்படி

"அண்ணே, நாலாயிரம் கிளிக் பண்ணேன், எழுநூறுதான் தேறுச்சு. ஓகேவா?"

முகூர்த்த மாதம் ஒன்று முடிந்தால் தொழிலுக்குப் புதிதாக வந்த தம்பிகள் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார். எழுநூறு என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. மீதி 3,300 எதனால் கழிந்தது என்று தெரிந்தால் சொல்லிவிடலாம். மாலை மாற்றும்போது விரலை எடுக்காமல் அடித்த 60 பிரேமில் நல்லதாக மூன்றை வைத்துக்கொண்டு 57-ஐத் தள்ளினால் அது கோளாறே இல்லை. அதே 57-உம் ஃபோகஸ் இல்லாமல் கழிந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

ஒரு பொதுக்கணக்கு வேண்டும் என்பவர்களுக்கு: காலையில் முகூர்த்தம், மாலையில் வரவேற்பு, ஒரு கேமரா என்றால், எடுத்ததில் ஐந்தில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை கொடுக்கும்படி இருந்தால் நன்றாகவே வேலை பார்த்திருக்கிறீர்கள். மணிக்கு 50 முதல் 100 படம் கொடுப்பது என்பதும் தொழிலில் பல நாடுகளிலும் புழங்கும் கணக்குதான். ஆனால் இந்தச் சராசரிக்குள்ளேயே ஏகப்பட்ட ஏற்ற இறக்கம் உண்டு. வரவேற்பு மேடையில் வரிசையாக வந்து நிற்கும் குடும்பங்களில் இரண்டுக்கு ஒன்றாவது தேற வேண்டும். தாலி கட்டும் நேரத்தில் ஐம்பதில் ஒன்று தேறினாலே போதும். ஜோடியை வெளியே கூட்டிப்போய் எடுப்பதில் ஐந்தோ பத்தோ எடுத்தால் ஒன்று. பறக்கும் பறவையை எடுப்பவரிடம் போய் நூற்றில் ஒன்றா தேறியது என்று கேட்டால் ஆமாம், சந்தோஷம் என்பார். இன்னும் மேலே போனால், ராபர்ட் ஃபிராங்க் என்ற புகைப்படக்காரர் 1950-களின் நடுவில் அமெரிக்கா முழுக்கக் காரில் சுற்றி 27,000-க்கும் மேற்பட்ட பிரேம் எடுத்தார், புத்தகத்தில் போட்டது 83. சதவீதம் பார்த்தால் அரை கூட வராது.

90 சதவீதம் தேறுகிறது என்று சொல்பவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. ஒன்று, பத்திரமான படங்களை மட்டுமே எடுக்கிறார்கள், இல்லாவிட்டால் சல்லடையின் கண் பெரிது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தேறியது, கொடுப்பது, ஆல்பத்துக்குப் போவது மூன்றும் வேறு வேறு. கண் திறந்து, ஃபோகஸ் சரியாக இருந்து, வெளிச்சம் திருத்தக்கூடிய அளவில் இருந்தால் தேறியது. அதில் ஒரே மாதிரி இருப்பவற்றை நீக்கினால் கொடுப்பது. 40 ஷீட் ஆல்பம் என்றால் 150, 200 படத்துக்கு மேல் போட்டால் நெரிசலாகிவிடும், அது மூன்றாவது கணக்கு. நண்பர் சொல்லும் சதவீதத்தோடு உங்களுடையதை ஒப்பிடும் முன் அவர் எந்தக் கணக்கைச் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: கழித்ததை அழிக்காதீர்கள்

செலக்‌ஷன் முடிந்ததும் கழித்தவற்றை உடனே டெலிட் செய்கிற பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். படம் தேர்ந்து திருத்தும் லைட்ரூம் மென்பொருளில் 6, 7, 8, 9 ஆகிய எண் விசைகள் படத்துக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று நிறம் போடும். கழித்த படங்களை மட்டும் ஒருமுறை ஓட்டி, ஃபோகஸ் போனதற்குச் சிவப்பு, கலங்கியதற்கு மஞ்சள், வெளிச்சம் அல்லது நிறம் கெட்டதற்குப் பச்சை, கண் மூடியது, வாய் திறந்தது வகையறாவுக்கு நீலம் போடுங்கள். நன்றாக இருந்தும் ஒரே மாதிரி இருப்பதால் கழித்ததை நிறமில்லாமல் விடுங்கள். முழுக் கல்யாணத்துக்கும் செய்ய வேண்டியதில்லை, முகூர்த்தம் ஒரு மணி நேரமும் வரவேற்பு ஒரு மணி நேரமும் போதும். எந்த நிறம் அதிகமோ அந்தப் பகுதியைக் கீழே படியுங்கள். நிறமில்லாததே பெரும்பாலும் என்றால் உங்கள் கையில் பிரச்சினை இல்லை, விரலில்தான். அதுவும் கீழே இருக்கிறது.

பெரிதாக்கினால் எல்லாமே லேசாகக் கலங்கித் தெரிகிறது

நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி முகத்தைப் பார்க்காதீர்கள், மேடையின் தூணையோ பின்னால் இருக்கும் பூ அலங்காரத்தையோ பாருங்கள். தூணும் முகமும் ஒரே திசையில் இழுத்தாற்போல் இருந்தால் கேமரா ஆடியிருக்கிறது. தூண் கூர்மையாக இருந்து, மாலையைத் தூக்கிய கை மட்டும் இழுத்திருந்தால் ஆள் அசைந்திருக்கிறார், ஷட்டர் வேகம் போதவில்லை. தூண் கூர்மையாக இருந்து முகம் எந்த இழுப்பும் இல்லாமல் மெத்தென்று இருந்தால் அது ஃபோகஸ், அடுத்த பகுதிக்குப் போங்கள். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் "லென்ஸ் சரியில்லை" என்று புது லென்ஸ் வாங்கியவர்கள் நிறையப் பேர்.

முதல் இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். ஆட்டோ ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கு ஏற்ப சென்சாரின் உணர்திறனைக் கேமராவே ஏற்றி இறக்குவது) போடுபவர்கள் அதில் குறைந்தபட்ச ஷட்டர் வேகம் என்று ஒரு அமைப்பு இருப்பதைப் பார்ப்பதே இல்லை. அது கேமராவின் இஷ்டத்துக்கு விடப்பட்டிருந்தால் 35 மி.மீ. லென்ஸுக்கு 1/40, 1/60 விநாடி என்று இறங்கிவிடும். லென்ஸுக்குள் இருக்கும் ஸ்டெபிலைசர் உங்கள் கை ஆட்டத்தைத்தான் அடக்கும், மாப்பிள்ளையின் கையை அடக்காது. சடங்குகளுக்கு 1/200, மாலை மாற்றுதல், நலங்கு, ஊர்வல ஆட்டம் இதற்கெல்லாம் 1/500 என்று கீழ் எல்லை வையுங்கள். ஐஎஸ்ஓ 6400-க்கு ஏறுமே என்று பயந்தால், ஏறட்டும். 2023-இல் லைட்ரூமில் ஏஐ டீநாய்ஸ் வந்த பிறகு புள்ளிப் புள்ளியாக இருப்பதைத் துடைத்துவிடலாம், கலங்கலை அந்த மாதிரி எடுத்துவிட முடியாது.

பின்னால் இருப்பவர் பளிச், மணமகள் மங்கல்

சிவப்பு நிறம் அதிகம் வந்தவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் காரணம் நாலைந்து, எல்லாம் பார்க்க ஒரே மாதிரி இருக்கும்.

அப்பர்ச்சரில், அதாவது லென்ஸ் எவ்வளவு திறக்கிறது என்பதில் தொடங்குங்கள் (எஃப் எண் சின்னதானால் திறப்பு பெரிது). ஃபுல் ஃபிரேம் கேமராவில் 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.4-இல் வைத்து இரண்டு மீட்டர் தூரத்திலிருந்து எடுத்தால் கூர்மையாக விழும் ஆழம் சுமார் நாலரை சென்டிமீட்டர். மூக்குத்தியில் ஃபோகஸ் விழுந்தால் காதில் ஜிமிக்கி போய்விடும். ஒருவரை எடுக்கும்போது அது அழகு. மணமக்கள் இருவரும் மணையில் உட்கார்ந்திருக்கும்போது, பெண் குனிந்து, பையன் நிமிர்ந்து, இருவர் முகத்துக்கும் இடையே முன்பின்னாக ஒரு சாண் வித்தியாசம் இருக்கையில், எஃப் 1.4-இல் இருவரும் கூர்மையாக வர வழியே இல்லை. கேமராவைக் குறை சொல்லிப் பயனில்லை. இருவர் என்றால் எஃப் 2.8 வைத்துக் கொஞ்சம் பின்னால் போங்கள், பெற்றோரும் சேர்ந்தால் எஃப் 4, குடும்பம் இரண்டு வரிசையில் நின்றால் 5.6.

அப்பர்ச்சர் சரி, அப்படியும் போகிறதா? கேமரா எதைப் பிடித்தது என்று பாருங்கள். பெரும்பாலான கேமராக்களில் படத்தைத் திரும்பப் பார்க்கும்போது ஃபோகஸ் புள்ளியையும் காட்டச் சொல்லலாம். நம்மூர்க் கல்யாணத்தில் அது போய் உட்காரும் இடங்கள் தெரிந்தவைதான்: முகத்துக்கு முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் ரோஜா மாலை, ஜரிகைக் கரை, நெற்றிச்சுட்டி, குறுக்கே நீளும் சித்தப்பாவின் செல்போன். கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஏஎஃப் (ஆட்டோஃபோகஸ்) இருந்தாலும் மணமகள் தலையைக் குனிந்துவிட்டால் அதற்குக் கண் கிடைக்காது, உடனே பக்கத்தில் நிமிர்ந்து நிற்கும் தோழிக்குத் தாவிவிடும். குனிந்திருக்கும் நேரத்தில் ஒற்றைப் புள்ளிக்கு மாற்றி, வகிட்டின் முன்பக்கத்தில் வைத்துக்கொள்வது நம்பகமானது. இந்த மாற்றத்தை மெனுவுக்குள் போகாமல் ஒரு பட்டனில் வைத்துக்கொள்ளுங்கள், கெட்டிமேளம் தொடங்கிய பிறகு மெனு தேட நேரம் இருக்காது.

அப்புறம் ஹோமப் புகை. புகைக்கு நடுவே ஏஎஃப் முன்னும் பின்னும் அலையும். கேமராவின் மேலேயே பிளாஷ் வைத்து நேராக அடித்தால் புகைதான் முதலில் வெளிச்சம் வாங்கி வெள்ளைத் திரையாக நிற்கும், ஆட்கள் அதற்குப் பின்னால் ஆவி மாதிரி தெரிவார்கள். பிளாஷை ஸ்டாண்டில் பக்கவாட்டில் வையுங்கள், அல்லது அந்தப் பத்து நிமிடம் அணைத்துவிட்டு வீடியோக்காரர் லைட்டிலேயே எடுங்கள். புகை அடிக்கும் திசைக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றாலே பாதிப் பிரச்சினை தீரும். ஐயரிடம் முதலிலேயே சிரித்துப் பேசி வைத்திருந்தால் நகர்ந்துகொள்ள இடம் கொடுப்பார்.

இதெல்லாம் பார்த்தும் எப்போதும் ஒரே பக்கமாக, ஒன்று எப்போதும் முன்னால், அல்லது எப்போதும் பின்னால் போகிறது என்றால், டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த கேமரா) வைத்திருப்பவர்கள் மட்டும் லென்ஸைச் சந்தேகிக்கலாம். அதில் ஃபோகஸ் பார்க்கும் சென்சார் தனி, படம் பிடிக்கும் சென்சார் தனி, இரண்டுக்கும் நடுவே சின்னப் பிசகு வரும். நடுத்தர வகையிலிருந்து மேலே உள்ள கேமராக்களில் மெனுவிலேயே திருத்தலாம். கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவில் படம் பிடிக்கும் சென்சாரே ஃபோகஸும் பார்ப்பதால் இந்தப் பிசகுக்கு அநேகமாக இடமில்லை.

ஒரு பிரேம் மஞ்சள், அடுத்தது வெளிறல், நடுவே பட்டை பட்டையாகக் கோடு

இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் டியூப் லைட்டும் மலிவான எல்இடியும் விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. நம் கண்ணுக்குத் தெரியாது, 1/500-இல் திறந்து மூடும் ஷட்டருக்குத் தெரியும். சத்தம் வராதே என்று எலக்ட்ரானிக் ஷட்டருக்கு மாற்றியவர்களுக்கு இது இன்னும் மோசம், ஏனென்றால் பல கேமராக்களில் சென்சார் மேலிருந்து கீழாக மெதுவாகப் படிக்கப்படுகிறது, படித்து முடிப்பதற்குள் விளக்கு ஒரு சுற்று ஏறி இறங்கிவிடும். மண்டபத்துக்குள் மெக்கானிக்கல் ஷட்டருக்கு வாருங்கள், ஆன்ட்டி-ஃபிளிக்கர் இருந்தால் போடுங்கள். அது விளக்கு உச்சத்தில் இருக்கும் கணம் பார்த்து ஷட்டரைத் திறக்கும், தொடர்ந்து அடிக்கும் பர்ஸ்ட் வேகம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. அந்த வசதி இல்லாத கேமரா என்றால் 1/100 அல்லது 1/50. அப்போது மேலே சொன்ன 1/200 என்னாவது? இழுபறிதான். அசைவு குறைந்த சடங்குகளுக்கு 1/100 வைத்து, அசைவு அதிகமான இடத்தில் பிளாஷை முதன்மை வெளிச்சமாக்கிவிடுங்கள். பிளாஷ் ஓங்கி நிற்கும்போது மண்டப விளக்கின் துடிப்பு படத்தில் எடுபடாது.

மேடைக்குப் பின்னால் எல்இடி சுவர் வைத்திருந்தால் அதன் துடிப்பு வேறு வேகம். காலையில் மண்டபத்துக்குப் போனதும் நாலு ஷட்டர் வேகத்தில் எடுத்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

வரவேற்பில் எல்லார் முகமும் ஊதா

இதைக் கணினியில் சரிசெய்துவிடலாம் என்று யாராவது சொன்னால் அவர் செய்து பார்த்ததில்லை. ஊதா எல்இடியில் பச்சை வெளிச்சமே இருக்காது, சென்சாருக்கு வராத நிறத்தை ரா ஃபைலில் (கேமரா பதிந்த திருத்தாத மூல ஃபைல்) தேடினால் எங்கிருந்து கிடைக்கும்? கடைசியில் கருப்பு வெள்ளையாக்கித் தப்பிக்கலாம், ஆனால் 20,000 ரூபாய் பட்டுப் புடவையைக் கருப்பு வெள்ளையில் கொடுத்தால் மணமகளின் அம்மா விடமாட்டார். வழி மண்டபத்திலேயேதான் இருக்கிறது. லைட் போடும் தம்பியிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, முகத்தில் விழும் இரண்டு விளக்கை மட்டும் வெள்ளையாக வைக்கச் சொல்லுங்கள், பின்னணி என்ன நிறமாகவும் இருந்துவிட்டுப் போகட்டும். அவர் கேட்கவில்லை என்றால் உங்கள் பிளாஷ்.

பச்சை நிறம் அதிகம் வந்தவர்கள் கூடவே இன்னொன்றையும் பாருங்கள். அரக்குச் சிவப்புக் கூறைப்புடவையில் மடிப்பே தெரியாமல் ஒரே சிவப்புத் தகடாக இருந்தால் சிவப்பு சேனல் மட்டும் நிரம்பி வழிந்திருக்கிறது. கேமராவில் சாதாரண ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) ஒழுங்காகத்தான் காட்டும், மூன்று நிறமும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் போட்டால்தான் தெரியும்.

குரூப் போட்டோவில் யாராவது ஒருவர் கண்ணை மூடிவிடுகிறார்

இதற்குக் கணக்கே போட்டுவிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ என்ற அறிவியல் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த நிக் ஸ்வென்சன், பியர்ஸ் பார்ன்ஸ் இருவரும், ஒருவர்கூடக் கண் மூடாத படம் கிடைக்க எத்தனை முறை எடுக்க வேண்டும் என்று கணக்கிட்டு, 2006-இல் அதற்காக இக் நோபல் பரிசு வாங்கினார்கள். சிரிப்பதற்கான பரிசுதான், ஆனால் கணக்கு உருப்படியானது. 20 பேருக்குள் என்றால், நல்ல வெளிச்சத்தில் ஆட்களின் எண்ணிக்கையை மூன்றால் வகுங்கள், வெளிச்சம் மோசம் என்றால் இரண்டால். 12 பேர் நின்றால் நாலு படம், மங்கலான மண்டபம் என்றால் ஆறு. 50 பேர் நின்றால் எத்தனை எடுத்தாலும் சந்தேகம்தான், அங்கே தலையை மாற்றி ஒட்டுவதே வழி. அதற்காகவாவது கேமராவை அசைக்காமல் வரிசையாக எடுத்து வையுங்கள்.

ஆக, இப்படிப் பெரிய குரூப்பில் நாலில் ஒன்று தேறுவது இயற்கை. அதைக் குறைபாடு என்று நினைத்துக்கொண்டு, குடும்பத்துக்கு ஒரே கிளிக் என்று சிக்கனம் பிடிப்பவர்களுக்குத்தான் சதவீதம் ஏறும், ஆல்பம் பார்க்கும் நாளில் திட்டும் விழும். ஃபிலிம் காலத்தில் ரோலுக்கு 36 பிரேம், இழுத்துப் பிடித்துச் சுற்றினால் 37, 38. நடுத்தர ஃபார்மட் கேமராவில் சதுரப் படமாக 12. அப்போது சிக்கனத்துக்கு அர்த்தம் இருந்தது. 128 ஜிபி கார்டில் என்ன சிக்கனம்?

எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் எல்லாம் ஒரே படம்

நிறம் போடாமல் விட்டீர்களே, அந்தக் கூட்டம். விநாடிக்கு 20 பிரேம் எடுக்கும் கேமராவில் தாலி கட்டும் 15 விநாடியும் விரலை எடுக்காமல் இருந்தால் 300 படம். வேண்டியது மூன்று: முடிச்சு, மணமகளின் முகம், அட்சதை பறக்கும் அகலப் படம். சதவீதம் தரைமட்டத்துக்குப் போகும், அதற்கெல்லாம் வருத்தப்படாதீர்கள். வருத்தப்பட வேண்டியது நேரத்துக்கு. 5,000 படத்தை ஒன்றுக்கு இரண்டு விநாடி என்று பார்த்தாலே இரண்டே முக்கால் மணி நேரம் போய்விடும், இதில் எதை வைப்பது என்று யோசிக்கும் நேரம் சேரவில்லை. வேகத்தை விநாடிக்கு ஐந்தாறாகக் குறைத்து, விட்டு விட்டு அடியுங்கள். அட்சதை முகத்தை மறைக்கும் அந்த ஓரிரு விநாடிக்கு மட்டும் நீளமாக அடித்தால் போதும், கண்ணுக்கு முன் அரிசி இல்லாத ஒரு பிரேம் அதில் சிக்கிவிடும்.

நாற்பது சதவீதம் தேறியும் வீட்டுக்காரர்களுக்குத் திருப்தி இல்லை

எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் பெரிய கோளாறு. இதற்கு எந்த நிறமும் கிடையாது, ஏனென்றால் எடுக்காத படத்துக்கு லேபிள் போட முடியாது. மணமக்கள் 500 படத்தில் இருப்பார்கள், தாய்மாமன் ஒன்றில்கூட நேராக இருக்க மாட்டார். மெட்டி போட்ட கையும் காலும் இருக்கும், போட்டவரின் முகம் இருக்காது. பாட்டி முன்வரிசையில் நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தார், மேடை ஏறவில்லை, அதனால் கேமராவிலும் ஏறவில்லை. வீட்டில் ஆல்பத்தைத் திறந்ததும் முதலில் இவர்களைத்தான் தேடுவார்கள்.

முந்தின நாள் மாலையே வீட்டுக்காரரில் விவரம் தெரிந்த ஒருவரை, பெரும்பாலும் ஒரு அத்தையோ சித்தியோ இருப்பார், உட்கார வைத்து இரண்டு பக்கத்துப் பெரியவர்களின் பட்டியலை வாங்குங்கள். சடங்குகளின் வரிசையையும் கேளுங்கள். ஊருக்கு ஊர், சமூகத்துக்குச் சமூகம் மாறும். காசி யாத்திரையும் ஊஞ்சலும் எல்லா வீட்டிலும் கிடையாது, அரசாணிக்கால் சுற்றுவது, தாரை வார்ப்பது எப்போது என்று நீங்களாக ஊகிக்க வேண்டாம். பிறகு கணக்கை இப்படிப் போடுங்கள்: பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு சடங்குக்கும் மூன்று படம் (அகலம், நடுத்தரம், நெருக்கம்), ஒவ்வொரு முக்கிய ஆளுக்கும் ஒரு நல்ல முகம். மதியச் சாப்பாட்டுக்குப் போகும் முன் கேமராவிலேயே வேகமாக ஓட்டிப் பார்த்தால் யார் விடுபட்டார் என்று தெரிந்துவிடும், பாட்டி அதே நாற்காலியில்தான் இருப்பார்.

"எடுத்த எல்லாத்தையும் குடுத்துடுங்க தம்பி"

கழித்ததை எல்லாம் பென் டிரைவில் கேட்பவர்கள் பெரும்பாலும் சந்தேகத்தில் கேட்பதில்லை, ஏதோ ஒரு படம் விட்டுப்போயிருக்குமோ என்ற பயத்தில் கேட்கிறார்கள். மேலே சொன்ன பட்டியல் வேலையைச் செய்திருந்தால் இந்தக் கேள்வி பாதி குறையும். மீதிக்கு, முன்பணம் வாங்கும்போதே தாளில் எழுதிவிடுங்கள்: இத்தனை மணி நேர வேலை, திருத்திய படம் குறைந்தது இத்தனை, ஆல்பத்துக்கு இத்தனை ஷீட், திருத்தாத ஃபைல் தரப்படாது. தருவதானால் அதற்கு என்ன விலை. எத்தனை கிளிக் செய்வேன், எத்தனை சதவீதம் தேறும் என்பதை மட்டும் வாயாலும் சொல்லாதீர்கள், எழுதவும் எழுதாதீர்கள். பத்து மணி நேர வேலைக்கு எனக்கு வழக்கமாக 700 வரும் என்று தெரிந்தால் தாளில் 500 என்று போடுங்கள், புகை, ஊதா விளக்கு, மழை எல்லாம் சேர்ந்து வரும் நாளிலும் அந்த எண் உங்களைக் காப்பாற்றும்.

கேமராவில் இரண்டு கார்டு ஸ்லாட் இருந்தால் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதியும்படி வையுங்கள். கார்டு போனால் தேறியது எத்தனை என்ற கேள்விக்கே இடமில்லை.